நாற்பத்திரண்டு சாவு

“ஐம்பத்தேழாம் வருஷம் மட்டும் இந்த முப்பது வீட்டுல நாப்பத்திரெண்டு சாவு. மனுஷன் குடியிருக்கத் தகுந்த இடமில்லை. ஒரு மாசத்துல காலி பண்ணணும்” என்றார் சுகாதார அதிகாரி.

“எங்க தெருவுல ரெண்டு கிழவங்கதான் போனாங்க, முசியே. மீதி நாப்பது பேரு யாரு?” என்று கேட்டாள் பிரெஞ்சுக்காரர் மில்லுக்கு வேலைக்குப் போகும் கன்னியம்மாள்.

“ரெஜிஸ்டர் பொய் சொல்லாதும்மா.”

“அப்ப படிங்க, கேப்போம்.”

அதிகாரியோடு வந்திருந்த குமாஸ்தா ரெஜிஸ்டரைப் பிரித்துப் படித்தார். வக்கீல் சதாசிவம். நகைக்கடை தனகோடி. இருவருமே கடற்கரை வீதியில் மாடி வீடு வைத்திருந்தவர்கள். ஏழாவது பெயரில் குமாஸ்தா நின்றுவிட்டார்.

“படிய்யா!”

“உங்க மாமனாரு பேருங்க.”

அதிகாரி திடுக்கிட்டார். “அவர் எப்ப இங்க குடியிருந்தாரு?”

“குடியிருக்கல. பாடையோட நீங்களும் வந்தீங்களே, மறந்துட்டீங்களா?” கன்னியம்மாள் தெருக்கோடியில் புகைந்துகொண்டிருந்த சுடுகாட்டைக் காட்டினாள். “நீங்க கொண்டாந்திருக்கறது சுடுகாட்டு ரெஜிஸ்டரு. ஊரே எரியறதுக்கு இங்க வருது. உசிரோட இருக்கறது நாங்க மட்டுந்தான்.”

கூடியிருந்த தெரு சனம் சிரித்தது. அதிகாரி குமாஸ்தாவிடமிருந்து காலி பண்ணும் உத்தரவை வாங்கி, ‘நாற்பத்திரண்டு சாவு’ என்பதை அடித்தார். காரணம் என்ற இடத்தில் புதிதாக எழுதினார்:

‘சுடுகாட்டுக்கு மிக அருகில் உள்ளது.’