வெல்ல உருண்டை

கோயில் யானைகளை ஆற்றங்கரை முகாமுக்கு ஓய்வெடுக்கக் கூட்டிவந்தார்கள். கிழட்டுக் கொம்பன் மருதனுக்குச் சர்க்கரை வியாதி. சோறும் வெல்லமும் தொட்டால் புண்பட்ட முன்னங்கால் போய்விடும் என்று ஊர் வைத்தியர் எச்சரித்திருந்தார். முகாமிலோ எல்லா வாய்க்கும் ஒரே பந்தி, வெல்லச் சோற்று உருண்டை.

“எனக்குப் புல்லு போதும்,” என்றான் மருதன்.

“விருந்துக்கு வந்த இடத்துல பத்தியமா அண்ணே? அதிகாரி தன் கையாலே ஊட்ட வர்றாரு, படம் எடுக்கிறாங்க. பேசாம வாயைத் திற,” என்றாள் பக்கத்தில் நின்ற பெண் யானை செண்பகம்.

“கால் என்னுது தாயி, அவருதில்ல.”

அதிகாரி நீட்டிய உருண்டையை மருதன் தும்பிக்கையால் மெல்ல ஒதுக்கினான்.

“மதம் பிடிச்சிருச்சு!” என்று கூட்டம் அலறியது.

புண்பட்ட காலிலேயே சங்கிலி பூட்டினார்கள். புல்லையும் நிறுத்தினார்கள். பசி முற்றிய பிறகு அதே உருண்டை வந்தது. மருதன் வாயைத் திறந்தான்.

“தெளிஞ்சிருச்சு!” என்று கைதட்டிச் சங்கிலியை அவிழ்த்தார்கள். கால் நகரவில்லை.