டேக்

கூடாரத்துக்குள் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். வெளியே, பாகூர் ஏரிக்கரையில், கரைக்கு மண் சுமக்கும் ஆட்களுக்கு நடுவே, தலையில் மண்கூடையோடு நான் நின்றிருந்தேன்.

கூடாரத் துணி ஒரு முழம் விலகியிருந்தது. அதன் வழியாக அவர் முதுகு தெரிந்தது. மேசையின் ஒரு மூலையும் ஒரு காலி நாற்காலியும் தெரிந்தன. துரையின் குரல் மட்டும் கேட்டது.

எங்களுக்கு வெள்ளைக்காரன் என்றால் புதுச்சேரி பிரெஞ்சுக்காரன்தான். இவர் இங்கிலீஷ் துரை. பெண்ணையாற்றுத் தண்ணீர் எங்கள் ஏரிக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்கக் கடலூரிலிருந்து வந்திருந்தார். அளவுச் சங்கிலி பிடிக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும். இங்கிலீஷில் சொன்னால் புரிந்துகொள்ள வேண்டும். தேறிவிட்டால் குடும்பத்தோடு கடலூருக்கே போய்விடலாம்.

பண்ணையை விட்டுப் போய்விடலாம்.

என் மாமனார், அவருடைய அப்பா, எல்லாரும் ஒரே பண்ணையில் உழைத்துச் செத்தவர்கள். அந்த வரிசையில் நிற்க எனக்கு விருப்பமில்லை. அதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் கடலூரில் ஒரு துரைசானி வீட்டில் ஆறு வருஷம் பாத்திரம் கழுவியவள் நான். அந்த வீட்டில் பாதி வேலை ஒரே வார்த்தையில் நடந்துவிடும். டேக். அதைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று பத்து நாளாக அடுப்படியில் வைத்து அந்த மனுஷனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

டேக் இட் என்றால் எடு. டேக் இட் அவே என்றால் கொண்டு போய்விடு. டேக் மெடிசின், மருந்து குடி. டேக் எ பாத், குளி. டேக் கேர், பார்த்துப் போ. டேக் யுவர் டைம் என்றால் அவசரமில்லை. ஆனால் துரைசானி அதைச் சொன்னால் கொஞ்சம் ஓட்டமாக ஓடுவது நல்லது.

"எடுக்கவும் டேக்கு, குளிக்கவும் டேக்கு. இன்னா ஆரோக்கியம், வெள்ளக்காரனுக்கு வார்த்தைக்கு அம்மாம் பஞ்சமா?" என்று சிரித்தார்.

சிரித்தாலும் பிடித்துக்கொண்டார். டேக் எ சீட் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கவிழ்த்த கூடைமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து என்னிடம் காபி கேட்டார். எங்கள் வீட்டில் ஏது காபி. நீராகாரத்தைக் கொடுத்தேன், துரை மாதிரியே உறிஞ்சிக் குடித்தார்.

இப்போது சோதனை நடந்துகொண்டிருந்தது. துரை கையைக் காட்ட மாட்டார், வாயால் மட்டும்தான் சொல்வார் என்று அவருடைய குமாஸ்தா முன்பே சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்தால் வேலை.

டேக் தி செயின். எடுத்தார்.

டேக் இட் டு தி டோர். சங்கிலியை வாசல்வரை கொண்டுவந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதது போல் திரும்பினார்.

டேக் ஆஃப் தி ஹூக். கொக்கியைக் கழற்றினார்.

டேக் டூ ஸ்டெப்ஸ் பேக். சரியாக இரண்டு அடி பின்னால் போனார்.

என் தலையிலிருந்த மண் கனக்கவே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"டேக் எ சீட்."

அவர் அசையவில்லை.

துரை மறுபடியும் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. நாற்காலி எட்டி உட்காரும் தூரத்தில்தான் இருந்தது. உட்காருய்யா, உட்காரு என்று என் உதடு முணுமுணுத்தது. மாதாவே, இந்த ஒன்றை மட்டும் அந்த மனுஷனுக்கு ஞாபகப்படுத்து என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் முறையும் சொன்னார். இவர் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"இதுகூட தெரியலையேபா. போ, அடுத்த ஆள வரச் சொல்லு" என்றார் குமாஸ்தா.

வெளியே வந்தவரை நான் விடவில்லை.

"ஏன்யா, அது ஒனக்குத் தெரியாதா? வூட்ல எத்தினி வாட்டி உக்காந்த?"

"தெரியும்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரிந்தே ஒருவர் கையில் வந்ததைத் தட்டிவிடுவாரா? கூடை மண்ணை அப்படியே அவர் தலையில் கொட்டலாமா என்றுகூட இருந்தது.

அப்போது கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு எங்கள் பண்ணைக்காரர் சிங்காரவேலு வெளியே வந்தார். தன் நிலத்து வாய்க்கால் விஷயமாகத் துரையைப் பார்க்க வந்தவர். எனக்குத் தெரியாத பக்கத்தில், இன்னொரு நாற்காலியில், அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

குடையை விரித்துக்கொண்டு எங்கள் பக்கமாக நடந்து வந்தார்.

இருந்தால் என்ன? உட்காரச் சொன்னது துரை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் நாளைக்குக் கடலூர். அப்புறம் இந்தப் பண்ணைக்காரர் யார், நாங்கள் யார். நானாக இருந்தால் உட்கார்ந்திருப்பேன். அவர் முகத்துக்கு நேராகவே உட்கார்ந்திருப்பேன். இதை அந்த மனுஷனிடம் சொல்லியே தீர வேண்டும் என்று திரும்பினேன்.

அவர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கரைக்குக் கீழே, ஏரித் தண்ணீரில். மண் சுமந்த எங்கள் சேரி ஆட்கள் எல்லாருமே கீழே இறங்கி நின்றிருந்தார்கள். பண்ணைக்காரர் நடந்து போவதற்காகக் கரை முழுவதும் காலியாகக் கிடந்தது.

எனக்கும் முழங்கால்வரை தண்ணீர். எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை.