ஒரிஜினல் மட்டும்

"என் வண்டிக்கு டூப்ளிகேட் சாமானா? பிரேக் பிடிக்காம போய்ச் சேரணுமா? ஒரிஜினல் மட்டும்தான் போடுவேன், மனசிலாச்சா?"

ஸ்ரீவராகத்து வீட்டு வாசலில் பழைய காரைப் பிரித்துப் போட்டுத் தானே சர்வீஸ் செய்துகொண்டிருந்த விஜய்குமார் கத்தினான். மலிவாக வாங்கியிருக்கலாமே என்று கேட்டதுதான் மனைவி அஜிதா செய்த குற்றம்.

ஆத்திரத்தில் ஒரு நட்டை என்ஜின் சந்துக்குள் நழுவவிட்டான்.

"மரம் மாதிரி நிக்காதே! அந்தக் காந்தத்தை உள்ளே விட்டு நட்டை எடு!"

அஜிதா குனிந்தாள். போன வாரம் அவன் மெருகு போட்டுக் கொண்டுவந்த தாலிச் சங்கிலி முன்னால் தொங்கியது. டக்கென்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

"தங்கம் காந்தத்துல ஒட்டுமா?"

விஜய்குமார் காருக்கு அடியில் நுழையப் பார்த்தான்.

அவள் ஸ்பானரைக் கையில் எடுத்தாள்.

"சொல்லுங்க. என் சங்கிலி இதுல எங்கே இருக்கு? பிரேக்குலயா, கிளட்ச்லயா?"