அல் ஐன் போன வெள்ளிக்கிழமை

"லீவு நாள்ல ஒருத்தன் சும்மா வண்டி ஓட்ட வர்றான்னா, அதுல ஏதோ இருக்குங்க" என்றாள் பிரபாவதி.

"என்ன இருக்கப்போகுது? நல்லவனா இருப்பான்" என்றார் சேதுமாதவன்.

அபுதாபியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் அவர் இன்ஜினியர். மனைவியும் குழந்தைகளும் ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இந்த எமிரேட்டில் பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் காட்டிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். முதலில் அல் ஐன். மிருகக்காட்சிசாலை, பேரீச்சந்தோப்பு, வெந்நீர் ஊற்று.

அவருக்கு இன்னும் லைசென்ஸ் கிடைக்கவில்லை. கம்பெனி பிக்கப்பைக் கேட்டு வாங்கியிருந்தார். விஷயம் தெரிந்ததும், "நான் ஓட்டுறேன் சார். எனக்கு எதுவும் வேணாம்" என்று தானாகவே வந்து நின்றான் டிரைவர் கார்மேகம்.

முன் சீட்டில் அவன் பக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டர், துண்டில் சுற்றிப் பத்திரமாக இருந்தது.

"டிரைவர், பாட்டுப் போடுங்க!" என்றான் பையன் வாசு.

"பாட்டு கேசட் இல்ல தம்பி. வெறும் கேசட்டுத்தான்."

பிரபாவதி கணவனைப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியே மணலைப் பார்த்தார்.

மிருகக்காட்சிசாலையில் சிங்கம் உறுமியது. குழந்தைகள் அலறிவிட்டு, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் நின்ற கார்மேகம் டேப்பில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தியிருந்தான்.

"பாப்பா, இன்னொருக்கா சிரிங்க" என்றான்.

தாமரை சிரித்தாள். பிரபாவதி மகளைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நம்ம பிள்ளைங்க குரலை எதுக்குங்க பிடிக்கிறான்?"

"தொழிலாளர் கேம்ப்ல இருக்கிறவங்க கேசட்லதான் பேசி ஊருக்கு அனுப்புவாங்க. அவங்களுக்கு அதுதான் கடுதாசி."

"அனுப்பட்டும். அதுக்கு அவன் குரல் போதாதா? தாமரை சிரிப்பு எதுக்கு?"

சேதுமாதவனுக்கும் அது புரியவில்லை.

பேரீச்சந்தோப்பில் ஒரு சின்ன வாய்க்கால் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள்.

"வாசு! பாவாடையை நனைச்சுடப்போறா, அவளைப் பிடி!" என்று கத்தினாள் பிரபாவதி. திரும்பினால், கார்மேகம் டேப்பை இப்போது அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"டிரைவர், நீங்க வண்டிகிட்டயே இருங்க. சாப்பாடு அப்புறமா கொடுத்தனுப்பறேன்."

"சரிம்மா" என்று தலையைக் குனிந்தபடி போனான்.

நிழலில் ஜமக்காளம் விரித்தாள். புளியோதரை, வடை, தயிர்சாதம் எல்லாம் வந்திருந்தது. தண்ணீர் கூஜாவைத்தான் வண்டியிலேயே விட்டுவிட்டாள். எடுக்கப் போனாள். அப்படியே அவனை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்றும் முடிவு செய்துகொண்டாள்.

பிக்கப்புக்கு அந்தப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. நின்றாள்.

"சரோசா, கேட்டியா? மொதல்ல உறுமுச்சே, அது நெசச் சிங்கம் புள்ள. சிரிச்சது எங்க சார் மக. என்னையச் சித்தப்பா, சித்தப்பான்னு விடவே மாட்டேங்குது. நாங்கெல்லாம் குடும்பமா வெளிய வந்துருக்கோம். வாராவாரம் இப்புடித்தான் ஒவ்வொரு எடமாப் போவோம்."

பிரபாவதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். எவ்வளவு பெரிய பொய்!

"நான் தகரக் கொட்டாயில வெந்துகிட்டுக் கெடக்கேன்னு, இங்கருந்து லீவுல வந்த உடையப்பன் சொன்னானாம்ல? அதைக் கேட்டுட்டு நீ சோறு தண்ணியில்லாம கெடக்கியாம். அவன் சொன்னது பொய்யி. நம்பாத. வயித்துப் புள்ளைய நெனச்சாவது சாப்புடு. முதுகுளத்தூர் டாக்டரம்மாட்டப் போனியா, இல்லையா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இங்க எனக்கு ஒரு அக்கா இருக்காக. வாய்க்காக்கிட்டச் சத்தம் போட்டாகள்ல, அவகதான். கோவமாப் பேசுற மாதிரி இருக்கும், தங்கமான மனசு. எனக்குப் போட்டுட்டுத்தான் பிள்ளைகளுக்கே போடுவாக. இப்பக்கூட எல்லாத்தையும் எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்துருக்காக. இந்தா... கூப்புடப்போறாக..."

பேச்சு நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தாள். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிரபாவதி கூஜாவை எடுக்கவில்லை. சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பினாள். ஜமக்காளத்துக்கு வந்ததும் தாமரையின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தாள்.

"தம்பி! கார்மேகம் தம்பி! இன்னும் அங்க என்ன பண்றீங்க? நீங்க வந்து உட்கார்ந்தாத்தான் பிள்ளைங்களுக்குப் போடுவேன்!"

"சித்தப்பா! பசிக்குது, சீக்கிரம் வாங்க சித்தப்பா!" என்று தாமரையும் கூவினாள்.

சேதுமாதவன் திடுக்கிட்டுப் போனார். "ஏன் இப்படிக் கத்தறே? அவன் இந்தா, இங்கதானே இருக்கான்?"

பிரபாவதி முதல் தட்டை எடுத்துப் புளியோதரையை வைத்தாள்.

"முதுகுளத்தூர் வரைக்கும் கேட்க வேணாமாங்க?"