சைஸ் ஜாஸ்தி

தம்பி ஆமிர் காணாமல் போய் இரண்டு நாளாகிறது. ஆம்பூர் வீட்டு மொட்டைமாடியில் அவன் சிரித்துக்கொண்டே கையசைக்கும் பழைய வீடியோவில் ‘காணவில்லை’ என்று எழுதி, தூபா எக்ஸ்போர்ட் செய்தாள். சைஸ் ஜாஸ்தி என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஏறவில்லை.

சைஸைக் குறைத்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தாள். புதிய ஃபைலில் மாடி முழுக்கத் தண்ணீர். ஆமிர் முழங்காலளவு தண்ணீரில் நின்றிருந்தான். போனில் இருந்த பழைய வீடியோவில் மாடி காய்ந்தே கிடந்தது. இந்த ஃபைலும் ஏறவில்லை.

இன்னும் குறைத்தாள். தண்ணீர் அவன் கழுத்துக்கு வந்தது. சிரிப்பு இல்லை. கை மட்டும் முன்போலவே அசைந்தது.

“இதுவும் ஏறலைம்மா. இனிமே என்னால கம்மி பண்ண முடியாது.”

தஸ்பீ மணிகளை உருட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

“அப்புறம் எப்பிடிடி கெடைப்பான்? இன்னும் ஒரே ஒரு தடவை பண்ணு.”