ஏக்க ஊசி

வீட்டு ஏக்கத்தால் படிப்பு கெடக்கூடாதென்று, பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் சேர்க்கையன்றே ஓர் ஊசி போட்டார்கள். அதன்பிறகு நிறைமதி அழவேயில்லை. நன்றாகப் படித்தாள், நன்றாகத் தூங்கினாள். தீபாவளிக்கும் ஊருக்குப் போகவில்லை. பொறுக்கமாட்டாமல் அவள் அம்மா திருச்செந்தூரிலிருந்து பஸ் ஏறி விடுதிக்கே வந்துவிட்டாள்.

“வாங்க, உட்காருங்க. சாப்பிட்டீங்களா?” என்றாள் நிறைமதி.

அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. “ஏட்டி, என்னயப் போய் வாங்க, போங்கன்னு சொல்லுத? நான் ஒன் அம்மாட்டி!”

“தெரியும். சொல்லுங்க.”

அம்மா வாய்விட்டு அழுதாள். அழுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது நிறைமதிக்கு நினைவிருந்தது. எதற்காக என்பதுதான் பிடிபடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அம்மா அழுது முடிக்கும்வரை மரியாதையாக நின்றுகொண்டிருந்தாள்.