அவர்கள் தொடாத தீவு

நான்கு தீவுகளைப் பிடித்துவிட்ட எதிரிக் கப்பல்கள் ஐந்தாவதை நெருங்கின. கோட்டையில் பீரங்கிகள் தயாராக நின்றன. ஆனால் கப்பல்கள் குண்டு எட்டாத தூரத்திலேயே வளைந்து, தீவைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போய்விட்டன.

"மிரண்டுட்டானுங்க தளபதி!" என்று தொடையைத் தட்டினான் பீரங்கிக்காரன் மருதவாணன். "நம்ம மேல கை வைக்க எவனுக்கு இருக்கு தைரியம்?"

கோட்டையே ஆர்ப்பரித்தது. தளபதி கோளரி மட்டும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டைக்கு அரிசி அனுப்பும் ஒரே தீவிலிருந்து கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது.

சமையற்காரர் உதியன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஐயா, ஜெயிச்சிட்டோமே! இன்னிக்கு எல்லாருக்கும் ரெண்டு மடங்கு சோறு போடட்டுமா?"

கோளரி புகைக்கு முதுகைக் காட்டி நிமிர்ந்து நின்றார்.

"தாராளமா போடுய்யா. நாம இன்னும் தோக்கலியே."